மெட்டு மனைவியுடையது, வார்த்தை கணவனுடையது

ஒரு பாட்டு நமக்குப் பிடித்துப்போனால் யாரைக் கொண்டாடுகிறோம்? பாடியவரைத்தான். "என்ன குரல்! தேன் மாதிரி!" என்போம். மெட்டுப் போட்டவர் யார், வார்த்தை எழுதியவர் யார் என்று கேட்டால் நம்மில் பாதிப் பேர் விழிப்போம். விருந்துக்கு வந்தவர்கள் பரிமாறினவரைப் பாராட்டிவிட்டுப் போகிற கதைதான். அடுப்படியில் வெந்தவளை யார் நினைக்கிறார்கள்?

இந்த இதழில் அப்படி அடுப்படியில் நின்ற சிலரைப் பற்றிச் சொல்லப் போகிறேன், சகோதரிகளே. இடம் நம் ஊர் இல்லை, அமெரிக்காவிலுள்ள நியூயார்க். காலம் 1960. கதையில் வருகிறவர்களில் ஒருத்தி பதினெட்டு வயதுப் பெண், கையில் சில மாதக் குழந்தை. இன்னொருத்தர் நம்மைப் போல வீட்டையும் பிள்ளைகளையும் கவனித்துக்கொண்டிருந்த நடுத்தர வயது இல்லத்தரசி. நாலு பேர் பள்ளிக்கூடத்துத் தோழிகள். இவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு பாட்டைச் செய்தார்கள். அறுபது வருஷத்துக்கு மேலாகியும் அந்தப் பாட்டுக்கு வயசாகவில்லை.

முதலில் இரண்டு விஷயம். அங்கே 'பாலட்' என்று ஒரு வகைப் பாட்டு உண்டு. நிதானமாக நடக்கிற பாட்டு. ஒருவர் மனசில் இருப்பதை இன்னொருவரிடம் நேருக்கு நேர் சொல்லுகிற மாதிரி இருக்கும். பெரும்பாலும் காதல்தான் விஷயம். இதைப் பாட 'குரல் குழு'க்கள் இருந்தன. மூன்று பேர், நாலு பேர், ஐந்து பேர் சேர்ந்து நிற்பார்கள். ஒருவர் முன்னால் நின்று பாட, மற்றவர்கள் பின்னால் இழைந்து பதில் சொல்லுவார்கள். கோலத்தில் நடுவில் ஒரு தாமரை, சுற்றி இழை இழுத்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இந்தக் குழுக்கள் பாடின பாட்டுகளில் பெரும்பாலானவற்றை அவர்கள் எழுதவில்லை. எழுதுவதற்கென்றே தனியாக ஆட்கள் இருந்தார்கள். எங்கே இருந்தார்கள், எப்படி எழுதினார்கள் என்பதுதான் சுவாரஸ்யம்.

நியூயார்க்கில் பிராட்வே என்று ஒரு பெரிய வீதி. அதில் 1619-ஆம் எண் கட்டடத்துக்கு பிரில் பில்டிங் என்று பெயர். கொஞ்சம் தள்ளி 1650-ஆம் எண் கட்டடம். இரண்டிலும் மாடிக்கு மாடி பாட்டு வியாபாரம்தான். 1650-இல் 1958-இல் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். ஆல் நெவின்ஸ், டான் கிர்ஷ்னர் என்ற இரண்டு கூட்டாளிகள் தங்கள் பெயரையே ஒட்டி அதற்கு 'ஆல்டான் மியூசிக்' என்று பெயர் வைத்தார்கள். இளவயதுப் பாட்டாசிரியர்களைத் தேடிப் பிடித்து வேலைக்கு அமர்த்தினார்கள். ஆளுக்கு ஒரு சின்ன அறை. அறை என்றால் நம் வீட்டு மளிகை அலமாரி அறையைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். உள்ளே ஒரு பியானோ, உட்கார ஒரு பலகை. வார்த்தை எழுதுகிறவருக்கு ஒரு நாற்காலி கிடைத்தால் அதிர்ஷ்டம். சுவர் மெல்லிசு. பக்கத்து அறையில் என்ன மெட்டு உருவாகிறதோ, அது இங்கேயும் கேட்கும். அடுத்தவர் பாட்டு நம் காதில் விழ, நம் பாட்டு அவர் காதில் விழ, போட்டிக்குச் சொல்லவா வேண்டும்!

எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டிரண்டு பேராகத்தான் உட்காருவார்கள். ஒருவருக்கு மெட்டு வரும், இன்னொருவருக்கு வார்த்தை வரும். இந்த இரட்டையர்களில் சிலர் கணவன் மனைவி. அப்படி ஒரு ஜோடிதான் ஜெரி காஃபின், கரோல் கிங்.

கரோல் 1942-இல் பிறந்தவர், ப்ரூக்லின் பக்கத்துப் பெண். சின்ன வயதிலேயே பியானோ. குயின்ஸ் கல்லூரியில் ஜெரியைச் சந்தித்தார். இவருக்கு மெட்டு தானாக வந்தது, அவருக்கு வார்த்தை தானாக வந்தது. 1959-இல் கல்யாணம். அப்போது கரோலுக்கு 17 வயது, ஜெரிக்கு 20. அடுத்த வருஷம் மார்ச் மாதம் லூயிஸ் என்று ஒரு பெண் குழந்தை. வாடகை, குழந்தைக்குப் பால், துணி எல்லாவற்றுக்கும் பணம் வேண்டுமே. ஜெரி பகலில் ஒரு ரசாயனக் கூடத்தில் உதவியாளர் வேலை பார்த்தார். ராத்திரி வீட்டுக்கு வந்த பிறகுதான் பாட்டு. குழந்தையைத் தூங்கப்பண்ணிவிட்டு, நாளெல்லாம் உழைத்த களைப்போடு இரண்டு பேரும் பியானோ முன்னால் உட்காருவார்கள். கம்பெனி வேலை கிடைத்திருந்தாலும் பெரிய வெற்றி ஒன்றும் இன்னும் வரவில்லை.

இப்போது அந்த இல்லத்தரசியிடம் வருவோம். நியூயார்க்குக்குப் பக்கத்து மாநிலம் நியூ ஜெர்சி. அங்கே பசைக் என்ற ஊரில் ஃப்ளாரன்ஸ் க்ரீன்பர்க் என்று ஒரு அம்மாள், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அவர் மகள் படித்த பள்ளியில் நாலு கறுப்பினப் பெண்கள் சேர்ந்து பாடுவார்கள்: ஷெர்லி ஓவன்ஸ், டோரிஸ் கோலி, ஆடி ஹாரிஸ், பெவர்லி லீ. தாங்களே எழுதிய ஒரு பாட்டைப் பள்ளியில் பாடிக் கைதட்டல் வாங்கியிருந்தார்கள். மகள் விடாப்பிடியாக அவர்களைத் தன் அம்மாவிடம் கூட்டிக்கொண்டு வந்தாள். ஃப்ளாரன்ஸ் அம்மாளுக்கு அப்போது 45 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. ஸ்வரம் படித்தவரில்லை, வியாபாரம் படித்தவருமில்லை. ஆனால் நல்ல பாட்டு எது என்று காது சொல்லிவிடும். 1958-இல் அந்தப் பெண்களின் பாட்டை இசைத்தட்டாக்கினார். 1959-இல் 'செப்டர்' என்று சொந்தக் கம்பெனியே தொடங்கிவிட்டார். பெண்கள் குழுவுக்கு 'ஷிரெல்ஸ்' என்று பெயர். 45 வயதுக்கு மேல் நமக்கென்ன புதுசாக என்று சொல்லுகிற சகோதரிகள் இந்த இடத்தை இன்னொரு தடவை படிக்கவும்!

1960-இல் ஷிரெல்ஸ் பாடிய ஒரு பாட்டு ஓரளவு ஓடியது. அதை எழுதியவர்களில் ஷெர்லியும் ஒருத்தி. இன்னொருவர் அவர்களுடைய தயாரிப்பாளர் லூதர் டிக்ஸன். ஒரு பாட்டு ஓடினால் அந்தச் சூட்டோடு அடுத்தது வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஜனங்கள் மறந்துவிடுவார்கள். "ஷிரெல்ஸுக்கு அடுத்த பாட்டு வேண்டும்" என்ற செய்தி ஆல்டான் கம்பெனிக்கு வந்தது. கிர்ஷ்னர் அதைத் தன் ஆட்களிடம் சொன்னார். அங்கே வேலை நடந்த விதமே இதுதான். பாட்டை எழுதி வைத்துவிட்டுப் பாடுகிறவரைத் தேடுவதைவிட, யாருக்கு வேண்டும், அவர்கள் குரல் எந்த உயரம் வரை போகும், போன பாட்டில் என்ன சொன்னார்கள், அடுத்து என்ன சொன்னால் பொருந்தும் என்று அளவெடுத்த பிறகுதான் துணியை வெட்டுவார்கள். நல்ல தையற்காரர் செய்வது போல.

அன்று கரோல் மெட்டைப் போட்டுவிட்டார். சாயந்திரம் அவர் 'மாஜாங்' விளையாடப் போகவேண்டியிருந்தது. அது சீனத்துக் கட்டைகளை வைத்து ஆடுகிற ஆட்டம். அந்த நாளில் நியூயார்க் பக்கத்துப் பெண்மணிகள் கூடி உட்கார்ந்து அதை ஆடுவார்கள். கணவர் இன்னும் வீடு திரும்பவில்லை. கரோல் என்ன செய்தார்? மெட்டை டேப் ரிகார்டரில் பதிவு செய்தார். 'ஷிரெல்ஸுக்குப் பாட்டு வேண்டுமாம், வார்த்தை எழுதிவை' என்று ஒரு சீட்டை அதன்மேல் வைத்தார். கிளம்பிவிட்டார்! "சாதம் ஹாட்கேஸில் இருக்கு, ரசம் சுடவைத்துக்கொள்ளுங்கள்" என்று நாம் எழுதிவைக்கிற சீட்டுக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்?

ஜெரி வந்தார், டேப்பைப் போட்டார், திரும்பத் திரும்பக் கேட்டார். அந்த மெட்டுக்கு ஒரு பெண்ணின் மனசிலிருந்து வார்த்தை வரவேண்டும். இந்த நிமிஷம் இவ்வளவு அன்பாக இருக்கிறானே, விடிந்த பிறகும் இப்படியே இருப்பானா? பாட்டின் கரு இந்த ஒரு கேள்விதான். 'வில் யூ லவ் மீ டுமாரோ', அதாவது 'நாளைக்கும் என்னை நேசிப்பாயா' என்று தலைப்பு. 21 வயது ஆண்பிள்ளை, ஒரு பெண் வெளியே கேட்கக் கூச்சப்படுகிற கேள்வியை எழுதியிருக்கிறார். மெட்டிலேயே அந்தத் தயக்கமும் ஏக்கமும் இருந்ததால்தானே அவருக்கு அது வந்தது? அதைத்தான் யோசித்துப் பார்க்கிறேன். மனைவி சொல்லாமல் சொன்னதைக் கணவன் காதுகொடுத்துக் கேட்டு வார்த்தையாக்கியிருக்கிறார். கரோல் திரும்பி வந்த பிறகு மிச்சத்தை இரண்டு பேரும் சேர்ந்து முடித்தார்கள்.

மிச்சம் என்றேனே, அது என்ன? அந்தக் காலத்து பாலட் பலவற்றுக்கும் ஒரு கட்டமைப்பு உண்டு. ஒரு மெட்டு, அதே மெட்டில் வேறு வார்த்தையோடு இன்னொரு தடவை, பிறகு முற்றிலும் வேறு மெட்டில் சில வரிகள், கடைசியில் பழைய மெட்டு. நடுவில் வருகிற அந்த வேறு மெட்டைப் 'பாலம்' என்பார்கள். அதுவரை ஒரே திசையில் போன மனசு அங்கே திரும்பிப் பார்க்கும். இந்தப் பாட்டிலும் அங்கேதான் பயம் வெளியே வருகிறது. பாலம் சரியாக அமையாவிட்டால் பாட்டு சப்பென்று போய்விடும். பச்சடியில்லாத சாப்பாடு மாதிரி.

குழுவுக்கு எழுதுவதில் இன்னொரு சூட்சுமம். தனி ஆளுக்கு எழுதினால் வரியை நீட்டி முழக்கலாம். குழுவுக்கு எழுதும்போது ஒவ்வொரு வரி முடிவிலும் கொஞ்சம் இடம் விட வேண்டும். முன்னால் பாடுகிறவள் மூச்சு வாங்குகிற அந்த இடைவெளியில் பின்னால் நிற்கிறவர்கள் நுழைவார்கள். அர்த்தமில்லாத சின்னச் சொல்லாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சொல் தோழி தோளில் கைவைப்பது போல. அவள் தனியாக இல்லை என்று கேட்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். ஆகவே எழுதுகிறவர், தான் எழுதாத இடத்தையும் எழுதவேண்டும். எல்லாவற்றையும் தானே நிரப்பிவிட்டால் குழு எதற்கு?

எழுதியாயிற்று. அடுத்து மாதிரிப் பதிவு. கரோலே பியானோ வாசித்துப் பாடிக் காட்டுவார். ஷெர்லிக்கு அதைக் கேட்டதும் பிடிக்கவே இல்லை! இது நாட்டுப்புறத்து வெள்ளைக்காரப் பாட்டு மாதிரி இருக்கிறது, எங்களுக்கு ஒத்துவராது என்றுவிட்டார். லூதர் டிக்ஸன் விடவில்லை. மெட்டை மாற்றாமல், அதை ஷிரெல்ஸ் பாட்டாக எப்படி ஆக்குவது என்று பார்த்தார். அதற்கு வயலின், செல்லோ என்று தந்தி வாத்தியங்கள் வைக்க முடிவாயிற்று. எந்த வாத்தியம் எப்போது வாசிக்கவேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர் பதினெட்டு வயதுக் கரோல்தான். பதிவின்போது பெரிய பேரிகையின் ஒலி மனசுக்குத் திருப்தியாகவில்லையாம். தானே போய் நின்று வாசித்துவிட்டார்!

ஒதுங்கி நின்ற ஷெர்லி கடைசியில் பாடினார். பாடினதும் எல்லோருக்கும் புரிந்தது. பெரிய வித்தை ஒன்றும் காட்டாத, கொஞ்சம் நடுங்கினாற்போன்ற, பக்கத்து வீட்டுப் பெண்ணின் குரல். அந்தக் கேள்விக்கு அந்தக் குரல்தான் வேண்டியிருந்தது. 1961 ஜனவரி 30-ஆம் தேதி 'பில்போர்ட்' பத்திரிகையின் பட்டியலில் பாட்டு முதலிடத்துக்கு வந்தது. கறுப்பினப் பெண்கள் குழு ஒன்று அந்தப் பட்டியலில் முதலிடம் பிடித்தது அதுதான் முதல் தடவை. ஜெரி ரசாயனக் கூடத்து வேலையை விட்டார்.

அங்கே இந்த ஒரு ஜோடி மட்டும் என்று நினைக்கவேண்டாம். டாக் போமஸ், மார்ட் ஷூமன் என்று இன்னொரு இரட்டையர். போமஸுக்குச் சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து கால்கள் போய்விட்டன. ஊன்றுகோல் இல்லாமல் நிற்க முடியாது. 1957-இல் ஒரு நாடக நடிகையை மணந்தார். கல்யாண விருந்தில் மணப்பெண் மற்றவர்களோடு நடனமாட, மாப்பிள்ளை உட்கார்ந்து பார்க்க வேண்டியதாயிற்று. வருஷங்கள் கழித்து, ஷூமன் போட்ட ஒரு மெட்டுக்கு வார்த்தை தேடும்போது அந்த நாள் ஞாபகம் வந்தது. மிஞ்சிக் கிடந்த கல்யாணப் பத்திரிகை ஒன்றின் பின்புறத்திலேயே எழுதினாராம். 'சேவ் தி லாஸ்ட் டான்ஸ் ஃபார் மீ' என்ற அந்தப் பாட்டை 'ட்ரிஃப்டர்ஸ்' என்ற ஆண்கள் குழு பாடியது. 1960 அக்டோபரில் அதுவும் முதலிடம். ஷூமனுக்கு நன்றாக நடக்கவும் ஆடவும் முடியும், போமஸுக்கு முடியாது. ஒருவரின் மெட்டு ஆடுகிறது, இன்னொருவரின் வார்த்தை உட்கார்ந்து பார்க்கிறது. தனியாக யாரால் அப்படி எழுதியிருக்க முடியும்?

கரோல், ஜெரி ஜோடிக்கு நெருங்கிய சிநேகிதர்களும், அதே சமயம் கடும் போட்டிக்காரர்களும் பாரி மான், சிந்தியா வெய்ல் தம்பதி. இங்கேயும் மெட்டு ஒருவர், வார்த்தை ஒருவர். ஆனால் வார்த்தை எழுதியது மனைவி சிந்தியா. இவர்கள் எழுதிய 'ஆன் பிராட்வே' என்ற பாட்டு, பிராட்வேயின் விளக்குகளைக் கனவு காணும் ஒரு பெண்ணைப் பற்றியதாக முதலில் இருந்தது. அதை ட்ரிஃப்டர்ஸுக்குக் கொடுக்க நினைத்தபோது ஜெரி லீபர், மைக் ஸ்டாலர் என்ற மூத்த இரட்டையர், பாடப்போவது ஆண்கள் ஆயிற்றே, வார்த்தையும் மெட்டும் கொஞ்சம் மாறவேண்டும் என்றார்கள். தம்பதி கோபித்துக்கொண்டு எழுந்து போகவில்லை. நாலு பேரும் உட்கார்ந்து திருத்தினார்கள். கையில் காசில்லாமல் பெரிய நகரத்தில் நிற்கிற வாலிபனின் பாட்டாக அது மாறியது. 1963-இல் வெளிவந்த அந்தப் பாட்டில் நாலு பேருடைய பெயரும் போட்டிருக்கிறது.

பெயர் போட்டிருக்கிறது என்று சொன்னேனே, அங்கேதான் பணக் கணக்கு வருகிறது. இதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் 1909-இல் போட்ட சட்டப்படி, விற்கிற ஒவ்வொரு இசைத்தட்டுக்கும் ஒரு பாட்டுக்கு 2 சென்ட், பாட்டை எழுதியவர் பக்கம் சேரவேண்டும். 1977 வரை அந்த விகிதம் மாறவில்லை. வழக்கம் என்னவென்றால், ஆல்டான் மாதிரிப் பதிப்புக் கம்பெனிக்கு அதில் பாதி, எழுதியவர்களுக்குப் பாதி. எழுதியவர் இரண்டு பேர் என்றால் ஆளுக்கு அரை சென்ட். அரை சென்ட்தானா என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். பத்து லட்சம் தட்டு விற்றால் ஆளுக்கு 5,000 டாலர். கணவனும் மனைவியுமாக இருந்தால் வீட்டுக்கு 10,000 டாலர். பத்து வரியை அவர் எழுதினார், நாலு இடத்தில்தான் இவர் திருத்தினார் என்ற கணக்கெல்லாம் பெரும்பாலும் பார்ப்பதில்லை. உப்புப் போட்டவளுக்கும் புளி கரைத்தவளுக்கும் குழம்பில் சம பங்கு.

இன்னொரு வேடிக்கை. இசைத்தட்டுக்கு இரண்டு பக்கம் அல்லவா? பின்பக்கத்துப் பாட்டை யாரும் கேட்காவிட்டாலும், முன்பக்கத்துப் பாட்டோடு அதுவும்தானே விற்கிறது? அதற்கும் அதே 2 சென்ட்! நம் பாட்டின் பின்பக்கத்தில் 'பாய்ஸ்' என்று ஒரு பாட்டு இருந்தது. எழுதியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? தயாரிப்பாளர் லூதர் டிக்ஸன். கெட்டிக்காரர்! ஆனால் அந்தப் பாட்டும் லேசுப்பட்டதில்லை. 1963-இல் இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவினர் தங்கள் முதல் இசைத்தட்டுத் தொகுப்பில் அதைப் பாடினார்கள்.

எழுதியவர்களுக்குப் பங்கு சட்டத்தில் இருந்தது. பாடிய நாலு பெண்களுக்கு? அவர்களோ கம்பெனி கொடுக்கிறதை நம்பியிருந்தார்கள். உங்கள் பணத்தைத் தனியாகப் போட்டு வைத்திருக்கிறோம், 21 வயது நிரம்பியதும் தருவோம் என்று தங்களிடம் சொல்லப்பட்டதாக அவர்கள் பின்னாளில் கூறினார்கள். வயது வந்தபோது அப்படி ஒரு சேமிப்பே இல்லை என்று தெரிந்ததாம். வழக்குப் போட்டார்கள், கம்பெனியும் எதிர்வழக்குப் போட்டது. 1965-இல் இரண்டு தரப்பும் சமாதானமாகி வழக்குகளை வாபஸ் வாங்கின. ஃப்ளாரன்ஸ் அம்மாளைத் தாய் மாதிரி நினைத்திருந்த பெண்கள்! அந்த அம்மாள் செய்த சாதனையும் உண்மை, இந்த மனக்கசப்பும் உண்மை. இரண்டையும் சொல்லாவிட்டால் கதை அரைகுறையாகிவிடும்.

ரேடியோவிலும் இதே கதைதான். அமெரிக்காவில் சாதாரண ரேடியோ நிலையங்கள் ஒரு பாட்டைப் போட்டால், எழுதியவருக்கும் பதிப்புக் கம்பெனிக்கும் பணம் போகும். பாடியவருக்கு ஒரு காசும் கிடையாது. அன்றைக்கும் அப்படித்தான், இன்றைக்கும் அப்படித்தான். ஊரே முணுமுணுக்கிற குரல் ஷெர்லியுடையது. ரேடியோவிலிருந்து வருகிற காசோலையில் அவர் பெயர் இல்லை.

சகோதரிகளே, இதை நான் வம்புக்காகச் சொல்லவில்லை. நம்மில் எத்தனை பேர் நாத்தனாரோடு சேர்ந்து அப்பளம் இடுகிறோம், சிநேகிதியோடு சேர்ந்து தையல் வகுப்பு நடத்துகிறோம், கணவரின் கடையில் கணக்கு எழுதுகிறோம்! "நமக்குள் என்ன, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறோம். அன்பு இருக்கிற இடத்தில்தான் பங்கைப் பேசக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அந்த அன்பு நீடிக்கவேண்டுமானால் முதல் நாளே ஒரு நோட்டுப் புத்தகத்தில் யாருக்கு எவ்வளவு என்று எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். யாரும் யாரையும் சந்தேகப்படுவதாக அர்த்தமில்லை. பாட்டின் கீழே இரண்டு பெயர் போடுவது போல அது ஒரு மரியாதை.

சரி, கரோல், ஜெரி என்ன ஆனார்கள்? 1962-இல் இன்னொரு பெண் குழந்தை பிறந்தது. அதே வருஷம், குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்த ஈவா பாய்ட் என்ற பெண் நன்றாகப் பாடுகிறாளே என்று அவளையே பாடவைத்தார்கள். 'லோகோமோஷன்' என்ற அந்தப் பாட்டும் முதலிடத்துக்குப் போனது! ட்ரிஃப்டர்ஸுக்காக 'அப் ஆன் தி ரூஃப்' எழுதினார்கள். கார் ஓட்டிக்கொண்டு போகும்போது கரோலுக்கு அந்த மெட்டு வந்ததாம். ரகசிய இடம் ஒன்றைப் பற்றி எழுதலாமே என்று அவர் சொல்ல, அந்த இடம் மொட்டை மாடியாக இருக்கட்டும் என்றார் ஜெரி. நகரத்துச் சந்தடியிலிருந்து மாடிப்படி ஏறி நட்சத்திரத்தைப் பார்க்கிற பாட்டு. மொட்டை மாடியில் வடாம் காயவைத்துவிட்டு இரண்டு நிமிஷம் சும்மா நின்ற யாருக்கும் அது புரியும்.

ஆனால் பாட்டு அவ்வளவு பொருந்தி வந்த அளவுக்கு வாழ்க்கை பொருந்தி வரவில்லை. 1968-இல் மணவாழ்க்கை முடிந்தது. கரோல் இரண்டு பெண் குழந்தைகளோடு கலிஃபோர்னியா போனார். அதுவரை பெரும்பாலும் மற்றவர்களுக்காக எழுதி வந்தவர், இப்போது தானே பாடத் துணிந்தார். 1971-இல் 'டேபஸ்ட்ரி' என்ற தொகுப்பு வந்தது. சித்திரம் நெய்த துணிக்கு அந்தப் பெயர். அட்டையில் ஜன்னலோரம் வெறுங்காலோடு அவர் உட்கார்ந்திருக்கிறார், முன்னால் ஒரு பூனை. அமெரிக்காவில் 15 வாரம் முதலிடத்தில் இருந்த தொகுப்பு அது. 1972-இல் வருஷத்தின் சிறந்த தொகுப்பு என்று கிராமி விருது கிடைத்தது. வாங்க அவர் மேடைக்குப் போகவில்லை. மூன்றாவது மகள் கைக்குழந்தை, வீட்டில் இருந்துவிட்டார். விருது காத்திருக்கும், பசித்த குழந்தை காத்திருக்குமா?

அந்தத் தொகுப்பில் பதினோரு வருஷத்துக்கு முந்திய நம் பாட்டையும் பாடியிருக்கிறார். ஷிரெல்ஸ் பாடினபோது இருந்த துள்ளல் இல்லை. வேகத்தைக் குறைத்து, பியானோவில் தானே வாசித்து, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்திப் பாடுகிறார். நாளைக்கும் நேசிப்பாயா என்று அன்றைக்குக் கணவர் எழுதின வார்த்தை. அதற்கு என்ன பதில் கிடைத்தது என்று தெரிந்துவிட்ட பிறகு, 28 வயதில், அதே வார்த்தையை மனைவியாயிருந்தவர் பாடுகிறார்.  பாட்டுக்குக் கீழே இரண்டு பேர் பெயரும் அப்படியே இருக்கிறது. ஜெரி 2014-இல் காலமானார். சேர்ந்து வாழ்ந்தது ஒன்பது வருஷம்தான்; சேர்ந்து செய்தது இன்னும் வாழ்கிறது. யாரையும் குறைசொல்லாமல் அவர் அதைப் பாடியிருப்பதைக் கேட்டபோது, உறவு முடிந்தாலும் அதில் நல்லதாக இருந்ததை மதிக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

இரண்டையும் கேட்க இப்போது கஷ்டமே இல்லை. பிள்ளைகளிடம் சொன்னால் கைபேசியில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். ஆங்கிலம் சரியாகப் புரியாவிட்டாலும் பரவாயில்லை. மத்தியானம் வேலையெல்லாம் முடிந்து, குழந்தை தூங்கும்போது, மூன்று தடவை கேளுங்கள். முதல் தடவை ஷெர்லியின் குரலை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாவது தடவை அவரை விட்டுவிட்டு, பின்னால் நிற்கிற மூன்று பெண்களும் எந்த இடத்தில் நுழைகிறார்கள், எந்த இடத்தில் விலகிக்கொள்கிறார்கள் என்று கவனியுங்கள். மூன்றாவது தடவை பதினெட்டு வயதுத் தாய் எழுதிக்கொடுத்த அந்த வயலின்களைக் கேளுங்கள். அதன் பிறகு கரோல் தனியாகப் பாடினதைப் போடுங்கள்.

மூன்று நிமிஷம்கூட ஓடாத அந்த முதல் பாட்டுக்குள் எத்தனை பேர் ஒருவருக்கொருவர் இடம் விட்டு நிற்கிறார்கள் என்று காதுக்கே தெரியும்.